மரப்பாச்சி மாதிரி நிற்கும் மனிதர்கள்: உருவம் வரையக் கற்பவர்களுக்குக் கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

கோடம்பாக்கத்தில் விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு (படமெடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஓவியங்கள்) வரைவது என் பிழைப்பு. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்காருவார்கள். அவர்களோடு பணி ஓய்வு பெற்ற ஒரு மாமாவும் உண்டு. எல்லோருடைய போனிலும் சேமித்து வைத்த வரைகலை வீடியோக்கள் நூறுக்குக் குறையாது. எல்லோரும் சொல்வதும் ஒன்றேதான்: "எல்லாம் பார்த்துட்டேன் அக்கா, கையில மட்டும் வரல."

தலைவலிக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? கோடு நடுங்குகிறவர் எலும்பு, தசை வீடியோ பார்க்கிறார். விறைப்பாக வரைகிறவர் ஷேடிங் பழகுகிறார். இணையத்தில் நல்ல பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. நம் கோளாறு எது என்று தெரியாமல் உள்ளே போவதுதான் சிக்கல். அதனால் கீழே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதை மட்டும் படித்தால் போதும்.

முதலில் ஒரு சோதனை

குடும்ப ஆல்பத்திலிருந்து ஒருவர் முழு உருவமாக நிற்கும் போட்டோ ஒன்றை எடுங்கள். அதைப் பார்த்து ஐந்து நிமிடம் வரையுங்கள். ரப்பரைத் தொடக்கூடாது. பிறகு போட்டோவை மூடிவிட்டு, அதே ஆளை நினைவிலிருந்து இன்னொரு ஐந்து நிமிடம். இரண்டையும் போனில் படம் பிடித்து, எடிட் செய்யும் இடத்தில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நம் பிழை நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். திருப்பிப் போட்டதும் அது வேறு யாரோ வரைந்த படம் மாதிரி தெரியும், குறை சொல்ல நாக்கு துறுதுறுக்கும். என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதுதான் உங்கள் கோளாறு.

டிஜிட்டலாக வரைகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். கிருதா என்ற இலவச மென்பொருளில் 'எம்' எழுத்தை அழுத்தினால் காட்சி திரும்பிவிடும். போனில் ஐபிஸ் பெயிண்ட் வைத்திருந்தால் அதிலும் திருப்பும் வசதி உண்டு.

"கோடு கம்பளிப்பூச்சி மாதிரி முடி முடியாக வருகிறது"

விரலாலும் மணிக்கட்டாலும் சின்னச் சின்னதாக இழுத்து ஒட்டுவதால் வருவது இது. பென்சிலை எழுதுவதற்குப் பிடிப்பது போலவே பிடித்துப் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பழகியிருக்கிறோம், கை அதைத்தானே செய்யும்.

மார்கழி மாதம் வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்களைக் கவனியுங்கள். குனிந்து நிற்கும் உடம்பு, தோளிலிருந்து வீசும் கை. சிக்குக் கோலத்தின் ஒரு வளைவு ஒரே இழுப்பில் முடியும், நடுவில் மாவு ஒட்டுப்போட மாட்டார்கள். பென்சிலுக்கும் அதே தோள்தான் வேண்டும்.

இதற்கு நான் அனுப்பும் இடம் டிராயபாக்ஸ் என்ற தளம். பாடங்கள் இலவசம், எழுத்திலும் வீடியோவிலும் இருக்கின்றன. கோடு போடும் முன் பேனாவைக் காகிதத்தில் படாமல் அதே பாதையில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் போடச் சொல்வார்கள். கோடு இலக்கைத் தாண்டினாலும் பரவாயில்லை, நடுங்கக் கூடாது என்பது கொள்கை. 250 பெட்டிகள் வரையும் சவால் ஒன்றும் இருக்கிறது. கொஞ்சம் ராணுவப் பயிற்சி மாதிரிதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே தளம், வரையும் நேரத்தில் பாதியைப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் ஆசைக்கு வரையச் செலவிடுங்கள் என்றும் விதி வைத்திருக்கிறது. பெட்டி போடும் ஆர்வத்தில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் மூன்றே வாரத்தில் அலுத்துப்போய்ப் பென்சிலையே வைத்துவிடுகிறார்கள்.

காகிதத்தில் கோடு சரியாக வந்து, பேனா டேப்லெட்டில் மட்டும் கோணினால் கோளாறு உங்கள் கையில் இல்லை. ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். முட்டையாக வருகிறதா? டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டேப்லெட்டோடு வந்த மென்பொருளில் வரையும் பரப்பைத் திரையின் விகிதத்துக்குச் சரிசெய்தால் போதும். ரிச்சி தெருவில் டேப்லெட் வாங்கி வந்த எங்கள் மாடி வீட்டுப் பையன் இரண்டு மாதம் "எனக்கு வட்டமே வராது" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். சரிசெய்ய ஆன நேரம் இரண்டு நிமிடம். வட்டம் சரி, நடுக்கம் மட்டும் இருந்தால் கிருதாவில் தூரிகைக்கான அமைப்பில் கோட்டை நிதானப்படுத்தும் தேர்வு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சமாக வையுங்கள். நிறைய வைத்தால் கோடு கைக்குப் பின்னால் இழுபட்டு வரும்.

"ஆள் விறைப்பாக இருக்கிறான், மரப்பாச்சி மாதிரி"

பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலும் காரணம் வரையும் வரிசைதான். தலையில் ஆரம்பித்து, கழுத்து, தோள், கை என்று ஓரத்தின் வழியே எறும்பு ஊர்வது போல வெளிக்கோடு போட்டு வருகிறோம். முழங்காலுக்கு வரும்போது அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே மறந்துபோயிருக்கும். ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகச் சரி, ஒட்டிப் பார்த்தால் மரப்பாச்சி.

வேலையை முதலில் வரைய வேண்டும், ஆளைப் பிறகு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு, பிடித்த கையிலிருந்து விலா வழியாக எதிர்க் காலின் குதிகால் வரை ஒரே ஒரு நீண்ட வளைவு ஓடும். அந்த வளைவுதான் முதல் கோடு. அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதில் தொங்கும் துணிகள். இதை ஜெஸ்ச்சர் என்கிறார்கள்.

இதைக் கற்க புரோக்கோ யூடியூப் சேனலில் உருவ வரைவின் அடிப்படைகள் என்ற வரிசை இருக்கிறது. கட்டணப் பாடங்களும் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு இலவசமாக இருப்பதே அதிகம். ஜெஸ்ச்சர் பாடத்தைப் பார்த்த பிறகு, அடுத்து வரும் பீன் பாடத்தையும் பாருங்கள். விலாக்கூட்டையும் இடுப்பையும் ஒரு மொச்சைக்கொட்டை மாதிரி பாவித்து, அது எப்படி மடங்குகிறது, முறுக்குகிறது என்று காட்டுவார்கள். லவ் லைஃப் டிராயிங் என்ற சேனலும் ஜெஸ்ச்சருக்கு நல்லது, பேச்சு நிதானமாக இருக்கும். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் பார்த்தால் ஒருவர் சொல்லும் முறையை இன்னொருவர் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொண்டே பொழுது போய்விடும்.

பயிற்சிக்கு லைன் ஆஃப் ஆக்‌ஷன், குயிக்போசஸ் என இரண்டு தளங்கள். இரண்டிலும் 30 விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நேரம் வைத்தால் போட்டோக்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் 30 விநாடியில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் அதில் கட்சி மாறியவள். முதல் இரண்டு வாரம் இரண்டு நிமிடம் வையுங்கள். 30 விநாடியில் புதியவர் கற்றுக்கொள்வது பதற்றத்தை மட்டும்தான். முதல் அரை நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் போஸை நீங்களே எழுந்து நின்று செய்து பாருங்கள். எந்தக் காலில் பாரம் இறங்குகிறது, எங்கே இழுக்கிறது என்று உடம்பு சொல்லிவிடும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு நிமிடம் கைவந்த பிறகு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இன்னொரு விஷயத்தையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். உருவப் பயிற்சித் தளங்களில் ஆடையில்லாத மாடல்கள் வருவது சகஜம். உடம்பைப் படிக்க அதுதான் நேர்வழி, கலைக் கல்லூரிகளிலும் அப்படித்தான். ஆனால் ஒரே ஹாலில் பாட்டி டிவி பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் திரையில் அது திடீரென்று வந்தால் விளக்கம் சொல்லி மாளாது. லைன் ஆஃப் ஆக்‌ஷனில் ஆரம்பிக்கும் முன்பே ஆடை அணிந்தவர்கள் மட்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அதை அமைத்துக் கொடுத்துவிட்டு நகர்வது நல்லது. நடன, விளையாட்டு உடையில் இருப்பவர்களிடமே ஜெஸ்ச்சருக்கு வேண்டியது முழுவதும் கிடைத்துவிடுகிறது.

எப்போது இந்தக் கோளாறு சரியானதாக எடுத்துக்கொள்வது? உங்கள் ஒரு நிமிட ஓவியத்தை வீட்டில் யாரிடமாவது காட்டி "இவர் என்ன செய்றார்?" என்று மட்டும் கேளுங்கள். "பந்து போடறார்" என்று பதில் வந்தால் சரி. "ஆம்பளை" என்று வந்தால் இன்னும் ஒரு வாரம் போடுங்கள்.

"நிற்கிற ஆள் விழுந்துவிடுவார் போலிருக்கிறது"

கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே ஒரு நூல் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு அந்த நூல் பாரம் தாங்கும் பாதத்தின் பக்கம் இறங்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் இரண்டு பாதங்களுக்கு நடுவே. இரண்டுக்கும் வெளியே போனால் ஆள் சாய்ந்துகொண்டிருக்க வேண்டும், நடந்துகொண்டிருக்க வேண்டும், இல்லை விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது தோளும் இடுப்பும். ஒரு காலில் நின்றால் அந்தப் பக்க இடுப்பு மேலேறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். இரண்டையும் இணைகோடாகப் போடுவதால்தான் ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நிற்கிறார்.

இந்தப் பாடத்துக்கு வெளிநாட்டு வீடியோவைத் தேடும் முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். தலை ஒரு பக்கம், மார்பு மறுபக்கம், இடுப்பு மீண்டும் முதல் பக்கம் என்று மூன்று இடத்தில் ஒடியும் திரிபங்க நிலையை அங்கே கண் முன்னால் பார்க்கலாம். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கேதான் இருக்கிறார். ஆண் பாதிக்கும் பெண் பாதிக்கும் இடுப்புக்கோடு மாறுவதை ஒரே உடம்பில் படிக்க அதைவிட நல்ல மாடலை எனக்குத் தெரியாது. வீடியோவில் கிடைக்காத ஒரு வசதியும் உண்டு: பக்கவாட்டில் நான்கடி நகர்ந்தால் அதே நிலை வேறு ஓவியமாகிவிடும்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் இருக்கின்றன. இரண்டையும் செய்தவர் எழும்பூர் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. இரண்டும் 1959இல் நிறுவப்பட்டவை. பாறையை நகர்த்தும் அந்த நான்கு பேருக்கும் மேலே சொன்ன நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தள்ளுகிற உடம்பின் நூல் பாதத்தைத் தாண்டிப் போகிறது, ஆனாலும் அவர்கள் விழப்போவதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் பாரத்தின் ஒரு பங்கைப் பாறை வாங்கிக்கொள்கிறது. பாறையை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், நால்வரும் விழுவார்கள். காந்தி நடக்கிறார், அவருடைய நூல் வேறு. இரண்டையும் ஒரே மாலையில் வரைந்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

நடப்பது, ஓடுவது, மாடிப்படி ஏறுவது எல்லாம் கட்டம் கட்டமாக வேண்டுமென்றால் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த போட்டோ வரிசைகள் விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கின்றன. 1887இல் 781 தகடுகளாக வெளியிட்டார். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனிமேஷன் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

"தலை பெரிசு, கால் குட்டை"

முதலில், நீங்கள் பார்த்து வரைந்த போட்டோவைச் சந்தேகப்படுங்கள். போனை முகத்துக்குக் கிட்டே வைத்து எடுத்த படத்தில் தலை உண்மையாகவே பெரிதாகவும் பாதம் சிறிதாகவும்தான் விழும். பத்தடி பின்னால் போய், போனை இடுப்பு உயரத்தில் பிடித்து எடுத்தால் பாதிக் கோளாறு போய்விடும்.

மீதிப் பாதிக்குச் சில அளவுகள். வளர்ந்த ஆளின் உயரம் சுமார் ஏழரைத் தலை. கம்பீரமாகக் காட்ட எட்டு என்று வைத்து வரைவார்கள். உடம்பின் சரிபாதி தொப்புளில் இல்லை, தொடைகள் பிரியும் இடத்தில் இருக்கிறது. புதியவர்களின் கால் குட்டையாவது இங்கேதான். தொங்கவிட்ட கையின் முழங்கை இடுப்பு மட்டத்துக்கு வரும், விரல் நுனி தொடையின் நடுவுக்கு. பாதத்தின் நீளம் கிட்டத்தட்ட முன்கையின் நீளம், சந்தேகமிருந்தால் இப்போதே குனிந்து வைத்துப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு மொத்தமே நான்கு தலைதான், குழந்தை என்று வரைந்தது குள்ள மனிதராக மாறுவதற்குக் காரணம் இது.

நம் சிற்பிகளிடம் இதற்கு இன்னும் நுணுக்கமான கணக்கு உண்டு. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்து, ஒரு தாளத்தை 12 அங்குலமாகப் பிரிப்பார்கள். இந்த அங்குலம் அளவுகோலில் இருப்பது அல்ல, அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்து பிரித்து எடுப்பது. நவதாளம், அதாவது ஒன்பது தாளம் என்றால் 108 அங்குலம், பத்துத் தாளத்தில் பெரிய வகையான உத்தம தசதாளத்துக்கு 124. ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே அலகு முகம், மேலைநாட்டுப் பாடங்களில் அலகு உச்சந்தலையிலிருந்து தாடை வரை உள்ள முழுத் தலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்பது 'தலை' வைத்து வரைந்துவிட்டு, ஆள் தென்னை மரம் மாதிரி இருக்கிறானே என்று என்னிடம் வந்தவர் அந்த மாமா.

"நேர்முகம் வருகிறது, கொஞ்சம் திரும்பினால் கெட்டுவிடுகிறது"

லூமிஸ் முறை என்று தேடுங்கள். ஒரு பந்து, அதன் இரண்டு பக்கத்தையும் கத்தியால் சீவியது போலத் தட்டை, கீழே தாடை. இவ்வளவுதான். புரோக்கோவிலும் இதற்குப் பாடம் இருக்கிறது. கண்ணை நெற்றியில் வைக்கும் பழக்கமும் இதோடு போய்விடும், கண்கள் இருப்பது தலையின் சரிபாதி உயரத்தில். தலைமுடிக்கு இடம் வைக்காமல் முகத்தை மட்டும் அளப்பதால் அது மேலே போய்விடுகிறது.

ஒளி நிழலுக்கு ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் அசாரோ தலை என்று தேடுங்கள். முகத்தைத் தட்டைப் பரப்புகளாகச் செதுக்கிய முப்பரிமாண மாதிரி. போன் திரையிலேயே விரலால் சுழற்றலாம். வேண்டிய கோணத்தில் நிறுத்திவிட்டு வரையுங்கள்.

"கைகளை எப்போதும் பாக்கெட்டில் வைத்துவிடுகிறேன்"

எல்லோரும் அப்படித்தான். என் முதல் ஸ்டோரிபோர்டில் கதாநாயகி, மாமியார், பால்காரர் மூவருமே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்கள். "எல்லாரையும் போலீஸ் பிடிச்சிட்டுப் போகுதா?" என்று இயக்குநர் கேட்டார்.

விரலில் ஆரம்பிக்காதீர்கள். உள்ளங்கையை ஒரு தட்டைப் பெட்டியாகப் போடுங்கள், கட்டைவிரலின் சதையைத் தனி ஆப்பாக அதில் ஒட்டுங்கள், மற்ற நான்கு விரலையும் ஒரே கையுறையாக மடக்குங்கள். பிறகுதான் பிரிக்க வேண்டும். புறங்கையிலிருந்து பார்த்தால் நடுவிரலின் நீளம் கையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி. சினிக்ஸ் டிசைன் சேனலில் உடற்கூறு பற்றிச் சின்னச் சின்ன வீடியோக்கள் உண்டு, அதில் கையைப் பற்றியதைப் பாருங்கள். லைன் ஆஃப் ஆக்‌ஷனில் கை, பாதம் மட்டும் வரும் தனிப் பிரிவும் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் நமக்கு இன்னொரு புதையல், பரதநாட்டிய முத்திரைகள். 28 ஒற்றைக் கை முத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்திக் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். நடன ஆசிரியர்கள் மாணவர்களுக்காகப் போட்டவை. விரல்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும், வெளிச்சம் நன்றாக இருக்கும், கை அசையாது. வரைகிறவருக்கு வேறென்ன வேண்டும்? தினம் இரண்டு முத்திரை என்றால் இரண்டு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். பாதி முத்திரைகள் அன்றாடம் நாம் செய்கிற சைகைகள்தான் என்பது வரையும்போது தெரியும்.

"பார்த்து வரைந்தால் வருகிறது, மனசிலிருந்து வரவில்லை"

இது நல்ல கோளாறு. கண் தேறிவிட்டது, புரிதல் பாக்கி.

போஸ்மைஆர்ட் என்ற தளத்தில் முப்பரிமாணப் பொம்மைகளை உலாவியிலேயே நிற்க வைத்து, உட்கார வைத்து, கேமராவைச் சுற்றலாம். பெரும்பாலோர் அதை அப்படியே பார்த்து வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதில் பயன் குறைவு. இப்படிச் செய்யுங்கள்: ஒரு போட்டோவைப் பார்த்து வரைந்த பிறகு, அதே ஆளை அதே நிலையில் வலது பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருப்பார் என்று யோசித்து வரையுங்கள். தப்பாகத்தான் வரும். அதற்கப்புறம் பொம்மையை அந்தப் போஸில் நிறுத்திக் கேமராவைச் சுற்றி, எங்கே தப்பு என்று சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். விடைத்தாள் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

நம்மை நோக்கி நீட்டிய கை, கால் குட்டையாகிச் சொதப்பினால் புரோக்கோவில் சுருள் முறை என்று ஒரு பாடம் உண்டு. கையை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய வளையல்களாகப் போட்டுக்கொண்டு வருவது. வளையல் அடுக்கிய கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், அந்தத் தந்திரம்தான்.

"புடவையும் வேட்டியும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன"

இணையப் பாடங்களின் பெரிய ஓட்டை இங்கேதான். டீ-ஷர்ட், ஜீன்ஸ், கோட் என்று எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது. கண்டாங்கிக்கு இல்லை. கொள்கையை அங்கே கற்று, துணியை இங்கே பார்க்க வேண்டியதுதான்.

கொள்கை எளிது. துணி எங்கே பிடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், மடிப்புகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். புடவைக்கு முக்கியமாக இரண்டு இடம்: இடது தோள், கொசுவம் செருகிய இடுப்பு. கொசுவத்திலிருந்து குழாய் குழாயாக நேர்கீழே இறங்கும். முந்தானை வலது இடுப்பிலிருந்து மார்பைக் கடந்து இடது தோளுக்கு இழுபடும்போது குறுக்கே நீண்ட மடிப்புகள் விழும். ஒரு காலை முன்னே வைத்தால் கொசுவம் விரிந்து, முட்டி ஒரு புதிய முளைபோலத் துணியை நீட்டும். காட்டன், பட்டு, பாலியெஸ்டர் மூன்றுக்கும் மடிப்பின் முனை வேறு வேறு: கஞ்சி போட்ட காட்டன் ஒடியும், பட்டு விறைத்து வளையும், பாலியெஸ்டர் உடம்போடு ஒழுகும்.

ரவி வர்மாவின் ஓவியங்களும் அச்சுப் படங்களும் விக்கிமீடியாவில் நல்ல அளவில் கிடைக்கின்றன. 1906இல் இறந்தவர், எனவே உரிமைப் பிரச்சினை இல்லை. மடிப்புகளை மட்டும், உடம்பை விட்டுவிட்டு, தனியாகப் பார்த்து வரையுங்கள். வேட்டிக்கு முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு கல்யாண மண்டப வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

"முதல் கட்டத்தில் இருந்த பெண் மூன்றாம் கட்டத்தில் அவள் அக்கா ஆகிவிட்டாள்"

காமிக்ஸ், ஸ்டோரிபோர்டு வரைகிறவர்களின் தலைவலி. கண்ணையும் மூக்கையும் வைத்துப் பாத்திரத்தை அடையாளம் காட்ட முயல்வதுதான் காரணம். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவத்தில் யார் என்று தெரியாவிட்டால் முகத்தை எவ்வளவு இழைத்தும் பயனில்லை. கொண்டை, தோளில் துண்டு, முன்னால் தள்ளிய தொப்பை, உள்பக்கம் வளைந்த முட்டி என்று தூரத்திலிருந்தே தெரியும் ஒன்று வேண்டும். கோபுலுவின் வார்த்தையில்லா நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள். யார் கணவர், யார் மேனேஜர், யார் கடன் கேட்க வந்தவர் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிறகு ஒரு தாளில் முன், முக்கால், பக்கம், பின் என நான்கு கோணத்திலும் அவளை வரைந்து மேஜைக்கு எதிரில் ஒட்டி வையுங்கள். எத்தனை தலை உயரம், காதணி எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். வகிட்டை இடம் மாற்றி வரைந்து, நாற்பது சட்டகத்தை ராத்திரி இரண்டு மணிக்குத் திருத்தியவள் சொல்கிறேன்.

"எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது"

யூடியூபில் வசன வரியைப் போட்டு, அமைப்புகளில் தானியங்கி மொழிபெயர்ப்புக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கலைச்சொற்கள் வரும் இடத்தில் கன்னாபின்னா என்று இருக்கும், ஆனால் போக்கு புரிந்துவிடும். சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பதும் ஒரு வழி. எங்கள் மாடியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படித்தான் கற்றாள், பேச்சு இல்லாததால் கையின் வேகத்தைக் கவனித்ததாகச் சொன்னாள்.

"எவ்வளவு பார்த்தும் முன்னேற்றமே இல்லை"

ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்: பார்த்த நிமிடம் எவ்வளவு, வரைந்த நிமிடம் எவ்வளவு. பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். பத்து நிமிட வீடியோவுக்கு முப்பது நிமிடமாவது பென்சில் ஓட வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு கோளாறுக்கு ஒரே ஆசிரியர், ஒரு மாதம். நடுவில் இன்னொரு சேனல் நன்றாக இருப்பதாக யாராவது சொன்னால் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பாருங்கள்.

மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள். தோளிலிருந்து வரைகிறீர்களா என்று பாருங்கள். அப்படியும் வலி நீடித்தால் டாக்டரிடம் போங்கள், இதற்கு வீடியோ தேடாதீர்கள்.

"உட்கார்ந்து வரைய நேரமில்லை"

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர் என்னிடம் இதைச் சொன்னார். எதிர் சீட்டில் தூங்குகிறவரைவிட நல்ல இலவச மாடல் எங்கே கிடைப்பார்? பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, பால்பாயிண்ட் பேனா. முகத்தை உற்றுப் பார்த்து வரைய வேண்டாம், அது நாகரிகமும் இல்லை, பெண்கள் பக்கம் பேனாவைத் திருப்பவே வேண்டாம். சாய்ந்த தலை, மடியில் இருக்கும் பை, தளர்ந்த கை, இவ்வளவு போதும். யாராவது கவனித்துவிட்டால் நோட்டைக் காட்டிவிடுங்கள், நம் ஊரில் பெரும்பாலும் "என்னையும் போடுங்க" என்றுதான் முடியும்.

பாதி வரையும்போது அவர் கிண்டியில் இறங்கிவிடுவார். நினைவிலிருந்து மீதியைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சைதாப்பேட்டையில் அந்த சீட்டுக்கு வேறொருவர் வந்து, கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வார். பக்கத்தைத் திருப்புங்கள்.